டேப் சுற்றி மூடிய கம்பி

பிள்ளைகளா,

நம் ஒர்க்‌ஷாப் பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் நீல வாளியைப் பற்றி, வேலை பழகும் நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டாயிற்று. அதற்குள் ஒரு காரின் பழைய மின்சார வாட்டர் பம்பு ஒரு முழம் கம்பியோடு கிடக்கிறது. "இக்கா, இதைப் பழைய இரும்போட ஆக்ரிக் கடையில போட்டுடலாமா? சும்மா இடத்தை அடைக்குது" என்று போன வாரம்கூட உங்களில் ஒருவர் கேட்டார். நஸ்ரின் பதில் சொல்லாமல் வாளியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள். அவள் என் மகள், அதனால் சொல்ல மாட்டாள். நான்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், சாயா ஆறியதுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். உங்களில் இரண்டு பேர் தமிழைவிட மலையாளத்தைத்தான் வேகமாக வாசிப்பீர்கள் என்று தெரியும். எனக்கு எழுத வருவது இதுதான், தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். போல்ட்டை எப்படி முறுக்குவது, ஸ்கேனரை எங்கே சொருகுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதினாறு வயதில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆசானின் பேரை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறார்கள், அவரைக் குறை சொல்வதும் என் எண்ணம் இல்லை. அவர் கற்றுக் கொடுத்ததில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவருடைய வித்தைக்கு ஒரே பேர், டைரக்ட். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா, சுவிட்ச் எங்கே சென்சர் எங்கே என்று தேடாதே. சாவியிலிருந்து ஒரு கம்பி இழுத்து ஃபேனுக்குக் கொடு. சாவி போட்டால் சுற்றும், எடுத்தால் நிற்கும். தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொள்கிறதா, கழற்றி எறி. "வண்டிக்கு மூளை வேண்டாம்டா. காத்தும் தண்ணியும் போதும்" என்பார்.

அந்தக் காலத்து வண்டிகளுக்கு அது போதுமாகத்தான் இருந்தது. தோப்பும்படி ஸ்டாண்டில் நிற்கும் டாக்ஸிகளில் பாதி வண்டியின் ஃபேன் என் கை டைரக்டில்தான் சுற்றியது. முப்பது வருஷத்தில் ஒன்றுகூட எரிந்து என்னிடம் திரும்பி வரவில்லை. ஒரு தடவையாவது வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் இந்த மின்சார வாட்டர் பம்புகள் வந்தன. பெல்ட்டில் ஓடிய பழைய பம்பு, இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு சுற்றும், அதற்கு வேறு பேச்சு கிடையாது. புதியதற்கு மூன்று கம்பி. ஒன்று பிளஸ், ஒன்று எர்த், மூன்றாவது மெல்லியது. அந்த மெல்லிய கம்பி வழியாக வண்டியின் கம்ப்யூட்டர் பம்பிடம் 'இவ்வளவு வேகமாகச் சுற்று' என்று சொல்கிறது. உத்தரவு போகும் வழி. அவ்வளவுதான் நான் புரிந்து வைத்திருந்தது. அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை.

ஜமீலாவை உங்களுக்குத் தெரியும். இப்போதும் சனிக்கிழமை வாசலில் நின்று ஹார்ன் அடிப்பவர். கொச்சங்காடியில் வீடு. கணவர் ஹமீது இக்கா அங்கேயே ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தவர், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வேலையை விட்டவர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டரை மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால்தான் அடுத்த இரண்டு நாளைக்கு மூச்சு. நேரம் தவறினால் அடுத்த ஆள் உட்கார்ந்துவிடுவார், அவரை எழுப்ப முடியாது. அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாபு சேட்டனுக்கும் அதே நேரம்தான். ஜமீலா இருவரையும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போவார். பழையதாக வாங்கிய டர்போ பெட்ரோல் வண்டி. அந்த வண்டியை நான் ஒருநாளும் தாமதமாக்கியதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையையும் இந்தக் கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷம் முன்னால் ஒரு திங்கட்கிழமை அந்த வண்டியின், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் போகும் ஹோஸ் கசிந்து வந்தது. ஹோஸை மாற்றினேன். கூலன்ட் ஊற்றும்போது நஸ்ரின் பக்கத்தில் வந்தாள்.

"அத்தா, இதுக்கு ஏர் எடுக்கணும், உள்ளே நிக்கற காத்து பூரா வெளிய வரணும். சாவி மட்டும் போட்டு, ஸ்டார்ட் பண்ணாம, பம்பைப் பத்து நிமிஷம் தனியா ஓட விடணும். புத்தகத்துல இருக்கு."

"தண்ணி ஊத்த எனக்குப் புத்தகமா? நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து ஊத்தறேன்."

"நான் பொறக்கறதுக்கு முன்னால இந்தப் பம்பும் பொறக்கல அத்தா."

நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு நான் என் வழியிலேயே ஊற்றினேன். இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி, குமிழி நிற்கும்வரை. பாட்டிலில் அளவு மேல்கோட்டில் நின்றது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜமீலா வந்து நின்றார். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இக்கா, இது நேத்து சாயங்காலம் வந்துச்சு. ஓடறதுல ஒண்ணும் தெரியல. பன்னிரண்டரைக்கு அவர் நாற்காலியில உக்காரணும், அது மட்டும் பாத்துக்கோங்க."

"பதினொண்ணரைக்கு வண்டி உன் கையில இருக்கும்" என்றேன். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அப்போது நம்மிடம் இருந்தது எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு சின்ன ஸ்கேனர். 'கூலன்ட் பம்பு, கன்ட்ரோல் சர்க்யூட்' என்று காட்டிவிட்டு அது நின்றுகொண்டது. என்ன கோளாறு என்று சொல்லவில்லை. நஸ்ரின் தன்னோடு படித்த ஒருவனைக் கூப்பிட்டாள். இந்த வகை வண்டிக்கென்றே உள்ள பெரிய ஸ்கேனர் அவனிடம் இருந்தது. இரண்டு மணிக்கு மேல் கொண்டு வருவதாகச் சொன்னான்.

"ரெண்டு மணி வரைக்கும் அந்த மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரா?" என்று நான் டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன்.

அதே பச்சை விளக்குதான், இப்போதும் நீங்கள் உபயோகிப்பது. ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையால் ஒரு கம்பியைத் தொட்டால், அந்தக் கம்பி எர்த் ஆகும்போது விளக்கு பளிச்சென்று எரியும். பம்பின் மெல்லிய கம்பியைத் தொட்டேன். முதலில் மங்கலாக ஒரு வெளிச்சம், கம்ப்யூட்டரின் உத்தரவு. சில நொடி கழித்துப் பளிச். அணைந்தது. மறுபடி பளிச். அணைந்தது. விட்டு விட்டு எர்த் ஆகிக்கொண்டிருந்தது.

என் கையும் கண்ணும் முப்பது வருஷம் பார்த்த காட்சி அது. கம்பி எங்கோ உரசி, தோல் போய், பாடியில் பட்டுப் பட்டு விலகுகிறது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. தேட நேரம் இல்லாததால் கம்ப்யூட்டரிலிருந்து பம்பு வரை வெளியே ஒரு புதுக் கம்பி இழுத்தேன். மணி பதினொன்று. விளக்கை வைத்துப் பார்த்தேன். பளிச். அணைந்தது. பளிச்.

நஸ்ரின் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தா, புதுக் கம்பியிலயும் அதே வருதே. அப்ப கம்பியில கோளாறு இல்லை. அதுவும் எண்ணி எண்ணி வருது பாருங்க. உரசற கம்பி இப்படித் தாளம் போட்டுக்கிட்டா எர்த் ஆகும்?"

நான் அதைக் கேட்டேன். காதில் நன்றாகவே விழுந்தது. வாசலில் ஜமீலா வாட்சைப் பார்த்தபடி நின்றிருந்தார், வண்டிக்குள் ஹமீது இக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எனக்கு ஆசானின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

"டைரக்ட் பண்ணிடலாம். அந்தக் கம்பி இல்லாட்டி பம்பு முழு வேகத்துல ஓடும், இதைக் கட்டினவங்களே அப்படித்தான் வச்சிருக்காங்க. தண்ணி அதிகமா ஓடினா இன்ஜினுக்கு நல்லதுதானே. டேப் எடு."

கம்பியை வெட்டினேன். பம்புப் பக்கத்து நுனியை டேப் சுற்றி மூடினேன். கம்ப்யூட்டர் பக்கத்து நுனியில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து, எல்லாம் சரியாக இருப்பது போல அதை நம்பவைத்தேன். டாஷ்போர்டு விளக்கு அணைந்தது. பம்பு முழு வேகத்தில் உறுமியது. மணி பதினொன்று இருபத்தைந்து.

"காதர் இக்கா இருக்கற வரைக்கும் என் வண்டிக்கு வேற டாக்டர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஜமீலா கிளம்பினார். சாவகாசமாக ஒருநாள் கொண்டு வா, சரியாகப் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்தப் பெரிய ஸ்கேனர்காரனுக்கும் நஸ்ரினிடம் சொல்லி 'வேண்டாம், சரியாயிடுச்சு' என்று செய்தி அனுப்பினேன். விளக்கு எரியாத வண்டியை யாரும் திரும்பக் கொண்டு வருவதில்லை.

ஒன்பது நாள் ஓடியது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. தோப்பும்படிப் பாலத்துக்கு நடுவில் நிற்பதாக ஜமீலா சொன்னார். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்று, வண்டிகள் நகரவே இல்லையாம்.

"இக்கா, பானெட்டுலேர்ந்து புகை வருது. ஒரு மாதிரி இனிப்பு வாடை. ஆனா சூடு காட்டற முள்ளு நடுவுலதான் நிக்குது. சூடு ஏறலன்னு காட்டுது. நான் மூடியைத் திறந்து தண்ணி ஊத்தட்டுமா?"

முள் நடுவில் நிற்கிறது, புகை வருகிறது, இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று என் மண்டை அங்கேயே நின்றுவிட்டது. நஸ்ரின் போனைப் பிடுங்கினாள்.

"ஜமீலா இத்தா, மூடியைத் தொடாதீங்க. மூஞ்சியில அடிக்கும். வண்டியை ஆஃப் பண்ணுங்க. எல்லாரும் எறங்கிப் பின்னால தள்ளி நில்லுங்க."

"அவரால நிக்க முடியலையே மோளே."

"அப்ப நடைபாதையில உக்கார வையுங்க. நாங்க வந்துட்டோம்."

ஸ்கூட்டரில் வண்டிகளுக்கு இடையே நுழைந்து நுழைந்து போனோம். அங்கே நடந்த ஒன்றை நான் எழுதாமல் விட்டிருக்கலாம், நீங்கள் பார்க்கவில்லை. எழுதுகிறேன். நான் இறங்கியதும் நேராக பானெட்டுக்குப் போனேன். நஸ்ரின் நேராக மனுஷனிடம் போனாள்.

ஹமீது இக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்திருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது. பாபு சேட்டன் அவருக்கு ஒரு துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவரும் நோயாளிதான்.

ஆட்டோ எதுவும் வர வழியில்லை. நஸ்ரின் பாலத்தில் முன்னால் ஓடிப்போய், லாரியை ஒட்டி நுழைந்துகொண்டிருந்த ஒரு மீன் வண்டியை நிறுத்தினாள். ஹார்பரிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றி எர்ணாகுளம் போகும் பெட்டி ஆட்டோ. ஓட்டுநர் ஒரு தடவை ஹமீது இக்காவைப் பார்த்தார். இறங்கி இரண்டு பெட்டியை மற்றவற்றின் மேல் தூக்கி வைத்து இடம் பண்ணினார்.

"கேறிக்கோ சேட்டா. ஐஸ் போட்டுத்தான் கொண்டு போறேன், கெட்டுப் போக மாட்டீங்க."

ஹமீது இக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "கொச்சிக்காரனுக்குக் கடைசி யாத்திரை மீன் வண்டியிலதான்னு இருக்கு போல."

"வாயை மூடிக்கிட்டு ஏறுங்க மனுஷா" என்றார் ஜமீலா. அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

பாபு சேட்டன் முன்னால் ஓட்டுநரோடு ஒட்டிக்கொண்டார். ஜமீலாவும் நஸ்ரினும் பின்னால் மீன் தண்ணீரில் உட்கார்ந்து, ஹமீது இக்காவை நடுவில் தாங்கிக்கொண்டு போனார்கள். வண்டி நகரும்போது ஜமீலா என்னைப் பார்த்துக் கேட்டார், "என்ன ஆச்சு இக்கா அதுக்கு?"

"பம்பு மோசம்மா. டூப்ளிகேட் பம்பு போல."

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். நம்பித்தான் சொன்னார்.

அவர்கள் போய்ச் சேரும்போது ஒன்றரை மணி. இரண்டு நாற்காலியிலும் வேறு ஆட்கள். பாபு சேட்டன் தாங்கிக்கொண்டார். ஹமீது இக்காவுக்கு நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. நான்கு மணிக்கு நஸ்ரின் போன் செய்தாள். "அத்தா, உள்ளே கொண்டு போயிட்டாங்க. முகமூடி போட்டிருக்காங்க. டாக்டர் ஒண்ணும் சொல்லல." வண்டியை அப்போதுதான் கட்டி இழுத்துக் கொண்டு வந்திருந்தேன். போனைக் கையில் பிடித்தபடி அதன் முன்னால் நின்றேன். என் கையில் கூலன்ட் வாடை. அந்த வாடை எனக்கு இன்றைக்கும் ஆகாது.

அவரை இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை இன்ஜின் ஹெட்டை இறக்கினோம். சூட்டில் வளைந்திருந்தது. பம்பைக் கழற்றி எடுத்தேன். முந்தின வருஷம் ஜமீலாவுக்கு அதை விற்ற கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டு, 'இதைப் பாரு, ஒரு உயிர் போகப் பார்த்தது' என்று கேட்க வேண்டும், அதுதான் என் நினைப்பு. அதற்கு முன்னால் பம்பு மோசம் என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மத்தியானம். நஸ்ரின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் மட்டும்தான்.

அந்த நீல வாளியில் தண்ணீர் நிரப்பினேன். பம்பின் வாயில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி, தண்ணீர் திரும்ப வாளிக்குள்ளேயே விழும்படி வைத்தேன். பம்பைத் தண்ணீருக்குள் முக்கி, பிளஸ்ஸும் எர்த்தும் ஒரு பேட்டரியிலிருந்து கொடுத்தேன். ஓடியது. நன்றாகவே ஓடியது. ஹோஸ் வழியாகத் தண்ணீர் மொத்தையாக வந்து விழுந்தது. மோசமான பம்பு அப்படி ஓடாது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

சரி, கம்பியையும் பார்க்கலாம் என்று டேப்பை உரித்தேன். பதினோரு நாள் முன்னால் நானே சுற்றிய டேப். சூட்டில் பசை இளகி விரலில் ஒட்டியது. பச்சை விளக்கை மாட்டினேன். விளக்கு எரியவில்லை. எர்த் ஆகவே இல்லை.

அப்போது ஹோஸ் நழுவியது. அதைச் சரி செய்யப் பம்பைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினேன். பம்பின் சத்தம் மெலிந்து, கிறீச்சென்று உயர்ந்தது. நான் ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரக் கண்ணில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

பளிச். அணைந்தது. பளிச். அணைந்தது.

பம்பைத் தண்ணீரில் இறக்கினேன். நாலைந்து குமிழி வந்தது. விளக்கு அணைந்து, அணைந்தே இருந்தது.

தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பளிச்.

எத்தனை தடவை தூக்கி இறக்கினேன் என்று தெரியாது. சட்டையும் வேட்டியும் நனைந்து போயின. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே கம்ப்யூட்டர் இல்லை. வயரிங் இல்லை. உரசுவதற்கு ஒரு பாடி இல்லை. ஒரு பேட்டரி, ஒரு வாளி, ஒரு பம்பு. அந்த பம்புதான் தன் கம்பியைத் தானே எர்த்துக்கு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. 'எனக்குள் தண்ணீர் இல்லை, காற்றுதான் இருக்கிறது' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல அதற்கு இருந்த ஒரே வழி அது. உத்தரவு போகும் கம்பியிலேயேதான் பதிலும் வரும். எனக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை நான் காற்றை உள்ளே வைத்து மூடினேன். புதன்கிழமை அது சொல்லத் தொடங்கியது. வியாழக்கிழமை என் கண் முன்னாலேயே சொன்னது. நான் கம்பியை வெட்டி, நுனியை டேப் சுற்றி மூடினேன். அந்த டேப்புக்கு உள்ளே, கேட்க யாரும் இல்லாமல், ஒன்பது நாளும் அது சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறது. காற்றில் ஓடி ஓடித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கும், பாலத்தில் நின்றே போயிருக்கும். வெப்பத்தை அளக்கும் சென்சரும் அந்தக் காற்றுக்குள்ளேதான் இருந்தது. தண்ணீர் படாத சென்சருக்குச் சூடு தெரியாது, அதனால்தான் முள் நடுவிலேயே நின்றது. சத்தமாகச் சொன்ன ஒரே ஆளின் வாயைக் கட்டினவன் நான்.

அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதில் பாதி நேரம், வாளியைக் கவிழ்த்துவிட்டு பம்பைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். அவர் வேறு பம்பு தருவதாக ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். ஜமீலாவும் நம்பியாயிற்று. இப்படி ஒரு யோசனை உங்களுக்கும் ஒருநாள் வரும். வந்தால் வெட்கப்பட வேண்டாம். எழுந்து போய் யாரையாவது கூப்பிடுங்கள்.

நஸ்ரின் திரும்பி வந்தபோது நான் இன்னும் நனைந்த வேட்டியோடுதான் இருந்தேன். பம்பைத் தூக்கிக் காட்டினேன். அவள் விளக்கைப் பார்த்தாள். என் கையிலிருந்து பம்பை வாங்கித் தானே ஒரு தடவை முக்கினாள், தூக்கினாள். உதடு அசைய எண்ணினாள்.

"நீ அன்னைக்கே சந்தேகப்பட்டே" என்றேன்.

"சந்தேகப்பட்டு என்ன அத்தா. டேப்பை எடுத்துக் கொடுத்தது நான்தானே."

அவள் பேட்டரிக் கம்பியைக் கழற்றினாள். பிறகு அவள் கேட்டாள், "இத்தாகிட்ட யார் சொல்றது?"

"நான்."

"நானும் வரேன்."

மறுநாள் காலை ஹமீது இக்காவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஜமீலா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்கு இட்லியைச் சின்னதாகப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏர் எடுக்காதது, விளக்கு, கம்பி, டேப், வாளி. பம்பு மோசம் என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டதையும் சொன்னேன்.

ஜமீலா இட்லித் துண்டைக் கையில் வைத்தபடியே இருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப அது சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"ஒம்பது நாளும்?"

"ஒம்பது நாளும்."

"நான் அதுல நாலு தடவை இவரை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன் இக்கா. பாட்டு போட்டுக்கிட்டு."

கட்டிலிலிருந்து ஹமீது இக்காதான் பேசினார். குரல் காற்றாக வந்தது.

"நானும் வெள்ளிக்கிழமையே மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். இவ ஜீரகத் தண்ணி கொடுத்தா."

"உங்களுக்கு வாயுன்னு நெனச்சேன்" என்றார் ஜமீலா.

"காதரும் உரசுதுன்னு நெனச்சாரு." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கும் ஒரு பச்சை விளக்கு வாங்கி மாட்டிவிடு காதர்."

ஜமீலா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நஸ்ரின் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வராந்தாவுக்கு வந்து நின்றேன். அறுபது வயதுக்குப் பக்கத்தில், நர்ஸுகள் போய் வரும் இடத்தில் நின்று அழுதேன். அதையும் மறைக்க ஒன்றும் இல்லை.

ஹெட்டைச் சரி செய்து வண்டியைக் கொடுக்க மூன்று வாரம் ஆனது, அது நம் பொறுப்பு. அந்த மூன்று வாரமும் செவ்வாய், வியாழன், சனி நானே என் பழைய வேனில் அவர்களைக் கொண்டுபோய்க் கூட்டி வந்தேன். ஜமீலா முதல் வாரம் என்னோடு பேசவில்லை. இரண்டாவது வாரம் வழி சொன்னார், அதுவும் எனக்குத் தெரிந்த வழி. மூன்றாவது வாரம் "பிரேக் ஏன் இப்படிக் கத்துது, அது என்ன சொல்லுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன். பிரேக் பேட் தேய்ந்திருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் நஸ்ரின் சாவியை மட்டும் போட்டு, புதிதாக மாட்டிய பம்பைப் பத்து நிமிஷம் தனியாக ஓடவிட்டாள். நான் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்தேன். ஐந்தாவது நிமிஷத்தில் பாட்டிலில் பெரிய பெரிய குமிழியாக வந்தது. என் கண்ணில் ஒருபோதும் பட்டிராத காற்று. அன்று மாலை ஒர்க்‌ஷாப் சாவியை அவளிடம் கொடுத்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. என் கை இனி முதலில் கட்டரைத் தேடும், பிறகுதான் கேள்வி கேட்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்தப் புது வண்டிகளைத் தொடக்கூடாது.

உங்களுக்கு இந்த வேலையில் ஒன்று மட்டும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். உரசும் கம்பிக்குத் தாளம் கிடையாது. அது எப்போது படும், எப்போது விலகும் என்று அதற்கே தெரியாது. ஒன்று எண்ணி எண்ணி வந்தால், அந்தப் பக்கத்தில் யாரோ பேசுகிறார்கள். புரியாவிட்டால் வெட்டாதீர்கள். வாசலில் ஆள் நிற்பார், மணி ஆகும், 'எப்போ ரெடி' என்று போன் வரும். 'இன்னைக்கு என்னால முடியல, வேற வண்டி பிடிச்சுப் போங்க' என்று சொல்லுங்கள். அன்று காலை பத்தரைக்கு நான் இதைச் சொல்லியிருந்தால், ஜமீலாவுக்கு ஒரு டாக்ஸி கிடைத்திருக்கும். அவ்வளவு சின்ன விஷயம்.

இப்போதும் சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவர் வாசலில் வந்து ஹார்ன் அடிக்கிறார். நான் வீட்டிலிருந்து அதற்காகவே வருகிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹமீது இக்கா முன் சீட்டில் இருப்பார். ஜமீலா இறங்க மாட்டார், கண்ணாடியை மட்டும் இறக்குவார்.

"என்ன சொல்லுது இக்கா?"

நான் பானெட்டைத் திறந்து விளக்கை மாட்டுவேன். மங்கலாக, ஒரே சீராக எரியும்.

"ஒண்ணும் சொல்லல. சும்மா ஓடுது."

"அவரு?"

ஹமீது இக்கா கண்ணைத் திறக்காமல் கையை ஆட்டுவார். வண்டி தோப்பும்படிப் பக்கம் திரும்பும்வரை நின்றுவிட்டு நான் உள்ளே வருவேன்.

அந்த வாளியை நாளைக்கு வெளியே எடுங்கள். தண்ணீர் நிரப்புங்கள். பம்பு இன்னும் ஓடும். விளக்கை மாட்டி, பம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, மூன்று பேரும் சத்தமாக எண்ணுங்கள். ஆளுக்கு ஒரு தடவையாவது உங்கள் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஆக்ரிக் கடையில் போடுவதானால் போடுங்கள். கம்பி நுனியில் டேப்பின் பசை இன்னும் இருக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டும்.